நான்கு பேரும் முந்துகிற இடம்

ஜனவரி 9

தம்பிக்கு,

உன் அக்கா எழுதுவது. கையெழுத்தைப் பார்த்ததும் உறையைத் தூர வைத்திருப்பாய். பரவாயில்லை, ஒரு டீ குடித்துவிட்டு வந்து பிரி. நான் நன்றாகத்தான் இருக்கிறேன். முழங்கால் மட்டும் அடிக்கடி வேலைநிறுத்தம் செய்கிறது. நீயும் உன் வீட்டுக்காரியும் வாலுவும் சுகம்தானே? வாலுவுக்குப் பதின்மூன்று ஆகியிருக்கும். கடைசியாகப் பார்த்தபோது என் மாண்டலின் பெட்டிமேல் உட்கார்ந்துகொண்டு எழுந்திருக்க மாட்டேன் என்று அழிச்சாட்டியம் செய்தாள்.

போன் செய்தால் நான் கத்துவேன், நீ வைத்துவிடுவாய். கடிதத்தில் எவ்வளவு கத்தினாலும் உனக்குக் காது வலிக்காது. அதனால்தான் எழுதுகிறேன்.

விஷயம் இது. நம் குழு இன்னும் இருக்கிறது. அதே பின் அறை, சனிக்கிழமை மதியம். நீ போன பிறகு மூன்று பேர் வந்து சேர்ந்தார்கள். கிட்டாருக்கு ஒரு பல் டாக்டர். மென்மையான மனிதர், மன்னிப்புக் கேட்டுக்கொண்டேதான் கம்பியைத் தொடுவார். மவுத் ஆர்கனுக்கு ஒரு பஸ் டிரைவர். மரப்பெட்டிமேல் உட்கார்ந்து தாளம் தட்ட ஒரு கணக்கு டீச்சர். ஐந்து மெட்டுகள் கட்டியிருக்கிறோம். அவற்றை ஒழுங்காகப் பதிவு செய்து வைக்க வேண்டும். பல் டாக்டர் தன் போனில் பதிந்தார். கேட்டால் நான்கு பேரும் கிணற்றுக்குள் விழுந்து கூப்பிடுவது மாதிரி இருந்தது. நீ தினமும் செய்கிற வேலை. வீட்டிலேயே செய்ய வழி சொல்.

பதினொரு வருஷம் பேசாமல் இருந்தவள் மைக்குக்காக எழுதுகிறாளே என்று நினைக்காதே. மைக்குக்காகத்தான் எழுதுகிறேன். ஆனால் முடிந்ததும் அதை முதலில் நீ கேட்க வேண்டும் என்று எனக்கு ஆசை. அதையும் சொல்லிவிட்டேன்.

அக்கா

ஜனவரி 30

அன்புள்ள அக்காவுக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது. இங்கே எல்லாம் வழக்கம்போல. முழங்காலை டாக்டரிடம் காட்டுங்கள்.

கேட்ட விவரங்கள்:

முதலில் அறை. சுவர் வெறுமையாக இருந்தால் சத்தம் அடித்துத் திரும்பும். கிணறு மாதிரி கேட்டதற்கு அதுதான் காரணம். கொடியில் கனமான போர்வைகளைத் தொங்கவிடுங்கள். துணி அலமாரியைத் திறந்து வையுங்கள். மின்விசிறியையும் குளிர்பெட்டியையும் நிறுத்திவிடுங்கள்.

நான்கு மைக் செருகுகிற சிறிய ரெக்கார்டர் கிடைக்கும். கிட்டாரின் துளைக்கு நேராக மைக்கை வைக்கக் கூடாது, குமுறும். கழுத்து உடலோடு சேருகிற இடத்துக்கு நேராக, ஒரு சாண் தள்ளி வையுங்கள். மாண்டலினுக்கும் அப்படியே. மவுத் ஆர்கனுக்கு ஒரு முழம் தள்ளி. சிவப்பு விளக்கு ஒரு தடவைகூட எரியக் கூடாது. எரிந்தால் அந்த இடம் கிழிந்துவிட்டது என்று அர்த்தம், பிறகு தைக்க முடியாது.

வாசிப்பதற்கு முன் ஒரு நிமிடம் யாரும் பேசாமல், அசையாமல் வெறும் அறையைப் பதிவு செய்யுங்கள். அறைக்கு என்று ஒரு சத்தம் உண்டு. அது தெரிந்தால்தான் எதை நீக்குவது, எதை விடுவது என்று பின்னால் தெரியும்.

தாளம் சீராக இருக்க, காதில் ‘டக் டக்’ என்று ஒலிக்கும் கிளிக் வைத்துக்கொள்ளலாம். விருப்பம் இருந்தால்.

பதிந்ததை மெமரி கார்டில் அனுப்புங்கள். கேட்டுச் சொல்கிறேன்.

தம்பி

பிப்ரவரி 18

தம்பி,

‘உங்கள்’ என்றும் ‘வையுங்கள்’ என்றும் எழுதியிருக்கிறாயே, நான் என்ன உன் ஆபீஸ் மேனேஜரா? குடிநீர் அலுவலகப் புகார்ப் பிரிவில் நாள் முழுக்க மரியாதையாகத்தான் திட்டு வாங்குகிறேன். நீயும் ஆரம்பிக்காதே.

முழங்காலை டாக்டரிடம் காட்டினேன். “வயசாச்சும்மா” என்றார். அதைச் சொல்ல ஒரு டாக்டர்.

சனிக்கிழமை பதிவு செய்தோம். ஆறு போர்வை தொங்கவிட்டதில் அறை சலவைக்கடை மாதிரி ஆகிவிட்டது. நீ சொன்ன அந்த ஒரு நிமிட மௌனம் இருக்கிறதே, அதற்கு ஒன்பது தடவை முயன்றோம். முதல் தடவை டிரைவருக்குத் தும்மல். இரண்டாவது தடவை டீச்சருக்குச் சிரிப்பு. அதைப் பார்த்து பல் டாக்டருக்குச் சிரிப்பு. அவர் சிரித்து நான் பார்த்ததே இல்லை. கடைசியில் நான் ஒரு அதட்டல் போட்ட பிறகுதான் அடங்கினார்கள்.

பிறகு மூன்றாவது மெட்டில் தகராறு. அதில் ஒரு திருப்பம் வருகிறது. மெட்டு மேலே ஏறித் திரும்பி இறங்கும் இடம். அங்கே வந்ததும் வண்டி தடம் புரள்கிறது. யாரோ ஓடுகிறார்கள். டிரைவர் சொல்கிறார், “அக்கா, தப்பா நெனச்சுக்காதீங்க, நீங்கதான் கொஞ்சம் முந்துற மாதிரி இருக்கு.” என்னிடமே! “பஸ்ஸை ஓட்டுங்க, என்னை ஓட்டாதீங்க” என்றேன். கிளிக் வைத்துப் பார்ப்போமா என்று டீச்சர் கேட்டார். எனக்கு எதற்கு கிளிக்? நாற்பது வருஷமாக அது என் உள்ளேயே அடித்துக்கொண்டிருக்கிறது.

கார்டு வைத்திருக்கிறேன். கேட்டு எழுது. வாலு என்ன படிக்கிறாள்? உன் வீட்டுக்காரி வேலைக்குப் போகிறாளா? போன கடிதத்தில் ஒன்றையும் காணோம்.

அக்கா

மார்ச் 4

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். கார்டு வந்தது. மதியச் சாப்பாட்டு வேளையில் ஸ்டுடியோவிலேயே உட்கார்ந்து கேட்டேன். நாள் முழுவதும் இங்கே லிஃப்ட் அறிவிப்பும் பாடப் புத்தகமும் பதிகிறோம், ஒரு அறையில் ஒரு குரல். நான்கு பேர் ஒன்றாக வாசிப்பதைக் கேட்டு வெகு நாளாகிவிட்டது. அந்த ஒன்பது மௌனங்களையும் அழிக்காமல் அனுப்பியிருக்கிறீர்கள். இரண்டு தடவை கேட்டேன்.

மாண்டலின் மைக்கில் கிட்டாரும், கிட்டார் மைக்கில் மரப்பெட்டியும் விழுந்திருக்கின்றன. கவலைப்பட வேண்டாம். ஒரே அறையில் சேர்ந்து வாசித்தால் அப்படித்தான் விழும். அதுதான் கேட்பதற்கு நன்றாக இருக்கிறது.

மூன்றாவது மெட்டின் திருப்பத்தில் ஒருவர் முந்துவது உண்மைதான். யார் என்று நான் சொல்ல விரும்பவில்லை. எல்லோருமாக மெதுவாக வாசித்துப் பார்த்தால் உங்களுக்கே தெரியும்.

வாலு வளர்ந்துவிட்டாள். வீட்டில் நலம்.

தம்பி

மே 6

தம்பி,

இரண்டு மாதமாக எழுத முடியவில்லை. ஆபீஸில் வேலை. கோடை வந்தால் குழாயில் காற்றுத்தான் வருகிறது, எங்களுக்குப் புகார்தான் வருகிறது.

இத்துடன் இரண்டாவது கார்டு. ஐந்து மெட்டுகளும் இருக்கின்றன. மூன்றாவதைத் திரும்பப் பதிந்தோம். எல்லோரும் நலம். மௌனமும் முதல் தடவையே சரியாக வந்துவிட்டது.

உன் வீட்டாரைக் கேட்டதாகச் சொல்.

அக்கா

மே 20

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். அங்கே எல்லோரும் நலம் என்று எழுதியிருந்தீர்கள். நல்லது.

கார்டைக் கேட்டேன். மிகச் சுத்தமான பதிவு. ஒருவருடைய சத்தம் இன்னொருவர் மைக்கில் விழவே இல்லை. ஒவ்வொருவரையும் தனித்தனியாகப் பதிந்தீர்களா? தவறில்லை, பலரும் அப்படிச் செய்வதுண்டு. ஒருவர் வாசித்ததை இன்னொருவர் காதில் மாட்டிக்கொண்டு அதன்மேல் வாசிக்கலாம். ஆனால் அப்படிச் செய்யும்போது முதலில் வாசிப்பவர் கிளிக்கைக் கேட்டு வாசித்தால் மற்றவர்களுக்கு உதவியாக இருக்கும். டீச்சரிடமோ டாக்டரிடமோ சொல்லிப் பாருங்கள்.

டிரைவர் சுகமா? தும்மல் நின்றதா?

தம்பி

ஜூன் 2

தம்பி,

ஆமாம், தனித்தனியாகத்தான். டிரைவர் சுகம். எல்லோரும் சுகம். மைக்கைப் பற்றிக் கேட்டால் மைக்கைப் பற்றி மட்டும் சொல். ஊர் விசாரிப்பு வேண்டாம். நான் உன் வீட்டைப் பற்றிக் கேட்டால் நீ ஒரு வரி எழுதுகிறாயா?

அக்கா

ஜூலை 21

தம்பி,

ஜூன் மாதம் நான் எழுதியதற்கு நீ பதில் போடவில்லை. போட்டிருந்தால்தான் ஆச்சரியம். இன்றைக்கு உன் சுகத்தைக் கேட்கும் தகுதிகூட எனக்கு இல்லை. இருந்தாலும் கேட்கிறேன், நன்றாக இருக்கிறாயா?

நான் உன்னிடம் பொய் சொன்னேன். குழு இல்லை. மார்ச் மாதமே போய்விட்டது. இரண்டாவது கார்டில் இருப்பது நான் மட்டும்தான். மாண்டலின் நான், கிட்டார் நான், மவுத் ஆர்கன் நான். மரப்பெட்டியை டீச்சர் எடுத்துப் போகவில்லை, அதில் உட்கார்ந்து தட்டியதும் நான்தான். மௌனம் முதல் தடவையே சரியாக வந்தது என்று எழுதினேன் அல்லவா? தும்ம யார் இருந்தார்கள்?

நடந்தது இதுதான். உன் மார்ச் மாதக் கடிதத்தை எல்லோர் முன்னாலும் உரக்கப் படித்தேன். ‘ஒருவர் முந்துவது உண்மைதான்.’ படித்துவிட்டு பல் டாக்டரைப் பார்த்து, “என் தம்பியே சொல்லிட்டான். அவனுக்குக் காது எப்படின்னு தெரியுமா? உங்களால மத்தவங்க கெட்டுப் போறாங்க” என்றேன். அவர் கிட்டாரைத் துடைத்துப் பெட்டியில் வைத்தார். “மன்னிச்சுக்கோங்க” என்று சொல்லிவிட்டுத்தான் போனார். டிரைவர், “அவரு மேல தப்பு இல்லக்கா” என்றார். “அப்ப நீங்களும் போங்க” என்று என் வாயிலிருந்து வந்தது. டீச்சர் மரப்பெட்டியைச் சுவரோரம் தள்ளிவிட்டுக் கிளம்பினார். அடுத்த சனிக்கிழமை யாரும் வரவில்லை. அதற்கடுத்த சனிக்கிழமையும் நான் மூன்று நாற்காலியும் மரப்பெட்டியும் போட்டேன்.

இவர்கள் இல்லாவிட்டால் என்ன, நானே வாசித்து உனக்கு அனுப்புகிறேன் என்று வீம்பு. அனுப்பினேன். நீ கிளிக் என்று எழுதினாய். கிளிக்கே தப்பு என்று உனக்கு நிரூபிக்கத்தான் போன மாதம் அதைக் காதில் மாட்டினேன். டக், டக், டக். மெட்டு தன் பாட்டுக்குப் போயிற்று. திருப்பம் வந்தது. நான் முன்னால் போய் நிற்கிறேன், கிளிக் பின்னால் வருகிறது. திரும்ப வாசித்தேன். பதினேழு தடவை வாசித்தேன். பதினேழு தடவையும் நான்தான் ஓடினேன். உனக்கு அனுப்பிய பழைய கார்டின் நகல் என்னிடம் இருந்தது, அதைப் போட்டுக் கேட்டேன். முதல் பதிவில் மூன்று பேரும் சீராக இருக்கிறார்கள், நான் மட்டும் முந்துகிறேன். இரண்டாவதில் நான்கு பேரும் முந்துகிறார்கள், எல்லாம் நானே ஆனதால்.

அப்படியானால் அன்றைக்கு மேடையில் ஓடியதும் நான்தான். நாற்பது பேர் உட்கார்ந்திருக்க, “தாளம் தெரியாதவனுக்கு எதுக்குடா கிட்டாரு?” என்று உன்னைக் கேட்டேன். நீ எழுந்து போனாய். பதினொரு வருஷம். என்னை மன்னித்துவிடு என்று எழுதக் கை வராது என்று நினைத்தேன். எழுதிவிட்டேன் பார்.

மூன்று பேரையும் தேடிப் போனேன். பல் டாக்டர் போனை எடுக்கவில்லை. நோயாளியாகப் பெயர் கொடுத்துப் போய் அந்தச் சாய்வு நாற்காலியில் படுத்தேன். மன்னிப்புக் கேட்க வாயைத் திறந்தால் அவர் கண்ணாடியை உள்ளே விட்டுவிட்டார். எல்லாம் முடிந்த பிறகு சொன்னேன். கேட்டுக்கொண்டார். “பல்லு நல்லா இருக்கு. ஆறு மாசம் கழிச்சு வாங்க” என்றார். டிரைவரின் பஸ்ஸில் ஏறிக் கடைசி நிறுத்தம் வரை போனேன். “பாக்கலாம்க்கா” என்றார். பார்க்கலாம் என்றால் என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியும், ஆபீஸில் நாள் முழுக்க எல்லோரிடமும் அதைத்தான் சொல்கிறேன். டீச்சர் மாற்றலாகிப் போய்விட்டார்.

சனிக்கிழமை மதியம் அந்த அறைக்குள் போகவே பிடிக்கவில்லை. போர்வைகள் இன்னும் தொங்குகின்றன. நான் பேசினால்கூடச் சத்தம் திரும்பி வருவதில்லை.

அக்கா

ஆகஸ்ட் 5

அக்கா,

உன் கடிதம் வந்து பத்து நாளாகிறது. தினமும் பையில் வைத்துக்கொண்டு வேலைக்குப் போய் வருகிறேன். நான் நலம்.

இரண்டாவது கார்டு வந்த அன்றே எனக்குத் தெரியும். நான்கு பேர் ஒரே இடத்தில், ஒரே அளவு முந்த மாட்டார்கள். நீ தனியாக உட்கார்ந்து மரப்பெட்டியைத் தட்டுவது கண்முன் வந்தது. கேட்டால் உனக்குக் கோபம் வரும் என்று சுற்றிவளைத்து எழுதினேன். மார்ச்சில் ‘யார் என்று சொல்ல விரும்பவில்லை’ என்று எழுதியதும் அதே புத்தியால்தான். நான் உன் பெயரைச் சொல்லியிருந்தால் நீ என்னைத்தான் திட்டியிருப்பாய், அவர்கள் உன்னோடு இருந்திருப்பார்கள். அது என் மேலுள்ள தப்பு.

மேடையில் ஓடியது நீதான் என்று அன்றைக்கும் எனக்குத் தெரியும். சொல்லியிருக்கலாம். பேசுவதைவிட எழுந்து போவது சுலபமாக இருந்தது. எனக்கு எப்போதும் அதுதான் சுலபம். இங்கேயும் அதைச் சொல்லிக் காட்டியிருக்கிறார்கள்.

கிட்டாரை நான் தொட்டுப் பல வருஷம் ஆகிறது. போன வாரம் ஆபீஸில் ஒருவரிடம் இரவல் வாங்கினேன். ஞாயிற்றுக்கிழமை மதியம் வீட்டிலேயே மைக் வைத்து, உன் மூன்றாவது மெட்டின் மாண்டலினைக் காதில் மாட்டிக்கொண்டு, அதன்மேல் வாசித்திருக்கிறேன். விரல் நுனி கொப்பளித்துவிட்டது. திருப்பத்தில் நீ முந்துகிறாய். நானும் உன்னோடு முந்தினேன். இரண்டும் ஒட்டிக்கொண்டன. எதையும் திருத்தவில்லை, நீயும் திருத்தாதே. கார்டு இத்துடன்.

வீட்டில் நலம்.

தம்பி

ஆகஸ்ட் 14

என் தம்பிக்கு,

‘நீ’ என்று எழுதிவிட்டாய். அதை மட்டும் நான்கு தடவை படித்தேன். முழங்கால் இன்றைக்கு வலிக்கவில்லை, வலித்தாலும் சொல்லப்போவதில்லை.

கேட்டேன். தடவித் தடவித்தான் வாசிக்கிறாய், இரண்டு இடத்தில் கம்பி மாறிப் போகிறது. ஆனால் அந்தத் திருப்பத்தில் நான் ஓடினேன், திரும்பிப் பார்த்தேன், நீ பக்கத்தில் இருந்தாய். அந்த இடத்தில் அழுதேன். எதையும் திருத்த மாட்டேன்.

தம்பி, நீ ரெக்கார்டரை நிறுத்த மறந்துவிட்டாய். இத்தனை வருஷம் இதே வேலை செய்கிறவன், மெட்டு முடிந்த பிறகும் இருபது நிமிடம் ஓடவிட்டிருக்கிறாய். நான் முழுவதும் கேட்டேன். கிட்டாரைக் கட்டில்மேல் வைத்தாய். கொஞ்ச நேரம் ஒன்றும் இல்லை. பிறகு நாற்காலியை இழுத்தாய். அலமாரியிலிருந்து ஒரு தட்டு எடுத்தாய். சாப்பிட்டாய். குழாயைத் திறந்து அந்த ஒரு தட்டைக் கழுவி வைத்தாய். ஞாயிற்றுக்கிழமை மதியம். யாரும் உன்னைக் கூப்பிடவில்லை, நீயும் யாரையும் கூப்பிடவில்லை. பதின்மூன்று வயதுப் பெண் இருக்கிற வீட்டில் ஒரு கதவுகூடச் சாத்தப்படவில்லை. வெளியே போயிருப்பார்கள் என்று முதலில் என்னையே சமாதானப்படுத்திக்கொண்டேன். பிறகு உன் கடிதங்களை எடுத்துப் பார்த்தேன். ‘வழக்கம்போல.’ ‘வாலு வளர்ந்துவிட்டாள்.’ ‘வீட்டில் நலம்.’ ஒரு இடத்திலாவது அவள் இதைச் சொன்னாள், இவள் இதைக் கேட்டாள் என்று இல்லை. எல்லோரும் சுகம் என்று நான் உனக்கு எழுதினேனே, அதே மாதிரிதான் நீயும் எழுதியிருக்கிறாய்.

எப்போது போனார்கள், எதற்குப் போனார்கள் என்று கடிதத்தில் கேட்க மாட்டேன். நீ கேட்காமல் விட்டதால் நான் எத்தனை மாதம் தனியாகக் கிடந்தேன் என்று எனக்குத் தெரியும். அதனால் நேரில் கேட்கிறேன். ஆபீஸில் பதினைந்து நாள் விடுப்புச் சொல்லிவிட்டேன். “உங்களுக்கும் போக ஊர் இருக்கா?” என்று அதிகாரி வியந்து போனார். அடுத்த வாரம் வெள்ளிக்கிழமை ரயில். ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு உன் வீட்டு வாசலில் இருப்பேன்.

ஸ்டேஷனுக்கு வராதே. வீட்டை ஒழுங்குபடுத்தி வைக்காதே. என்ன சொல்வது என்று யோசித்தும் வைக்காதே. இன்னொரு தட்டை எடுத்துக் கழுவி மட்டும் வை.

அக்கா